எல்லை எழுதாத பத்திரம்

எங்கள் தொழிலில் ஒரு மூடநம்பிக்கை உண்டு. ஒரே மாதிரி இருக்கும் பத்து வரிகளை இரண்டு இடத்தில் பார்த்துவிட்டால் போதும், கை அரிக்கும். அதை உருவித் தனிக் கோப்பில் போட்டு, ஒரு பெயர் வைத்து, இரண்டு இடத்திலும் அந்தப் பெயரை மட்டும் எழுதினால்தான் தூக்கம் வரும். இதைச் செய்பவனுக்கு 'சுத்தமா கோடு எழுதுறவன்' என்று பெயர். செய்யாதவன் சோம்பேறி. நானும் ஒரு காலத்தில் இந்தச் சாமியைக் கும்பிட்டவன்தான். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: இந்தச் சாமி காவு கேட்கும். கும்பிட்டவனுக்கு ஒன்றும் ஆகாது. நைட் ஷிஃப்டில் உட்கார்ந்திருக்கும் வேறொருவன் கழுத்தில்தான் கத்தி விழும்.

விஷயம் பழக்கமில்லாதவர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. ஒரு கணினியில் லினக்ஸ் போடும்போது இன்ஸ்டாலர் கேள்வி கேட்கும். என்ன மொழி, எந்த நேர மண்டலம், ரூட் பாஸ்வேர்ட் என்ன, டிஸ்க்கை எப்படிப் பிரிப்பது. ஒரு மெஷின் என்றால் உட்கார்ந்து பதில் சொல்லிவிடலாம். இருநூறு மெஷின் என்றால்? பதில்களை முன்கூட்டியே ஒரு கோப்பில் எழுதி வைத்துவிடுகிறோம். மெஷின் நெட்வொர்க் வழியாக பூட் ஆகி, அந்தக் கோப்பை வாங்கிப் படித்து, யாரையும் கேட்காமல் தன்னைத்தானே நிறுவிக்கொள்ளும். ரெட் ஹாட் குடும்பத்தில் இதற்குக் கிக்ஸ்டார்ட் என்று பெயர். டெபியனில் ப்ரீசீட், சூசேயில் ஆட்டோயாஸ்ட். இவற்றுக்கு முன்பே சன் நிறுவனத்தின் சொலாரிஸில் ஜம்ப்ஸ்டார்ட் இருந்தது.

பதில் கோப்புகள் பெருகிப்போனால் அவற்றை மேய்க்க ஒரு ஆள் வேண்டும். அப்படி வந்ததுதான் காப்ளர். ரெட் ஹாட்டில் வேலை பார்த்த காலத்தில் மைக்கேல் டிஹான் தொடங்கிய மென்பொருள். இதில் பதில் கோப்பை டெம்ப்ளேட்டாக எழுதலாம். பல கோப்புகளில் திரும்பத் திரும்ப வரும் பகுதியைத் தனியே எடுத்து, 'ஸ்னிப்பெட்' என்று ஒரு ஃபோல்டரில் வைத்துவிட்டு, தேவைப்படும் இடத்தில் அதன் பெயரை ஒற்றை வரியில் எழுதினால் போதும். மெஷின் வந்து கேட்கும்போது காப்ளர் துண்டுகளையெல்லாம் ஒட்டி முழுக் கோப்பாக நீட்டும்.

பத்திர எழுத்தர் ஒருவரின் கடையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா? கிரயப் பத்திரத்தில் முக்கால்வாசி வாசகம் மாறவே மாறாது. வில்லங்கம் எதுவும் இல்லை, இருந்தால் விற்பவர் சொந்தச் செலவில் தீர்த்துக் கொடுப்பார், இன்ன பிற. அதெல்லாம் அவர் கணினியில் ஏற்கனவே தட்டச்சாகிக் கிடக்கும். அதுதான் ஸ்னிப்பெட். ஆனால் 'சொத்து விவரம்' என்ற இடம் வந்ததும் அவர் கை மெதுவாகும். சர்வே எண், அளவு, நான்கெல்லை. கிழக்கே யார் மனை, மேற்கே எந்தத் தெரு. பக்கத்து மனைக்குப் போன வாரம்தான் அவரே பத்திரம் எழுதியிருந்தாலும் இதைப் புதிதாகத்தான் எழுதுவார். எழுதிவிட்டு வாசித்தும் காட்டுவார். என் வாதம் இவ்வளவுதான். சர்வர் நிறுவுகிற நாம் நான்கெல்லையையும் சேர்த்து முன்பே தட்டச்சு செய்து வைத்துவிட்டோம்.

உடனே என்னை 'காப்பி பேஸ்ட்' கட்சியில் சேர்த்துவிடாதீர்கள். ஸ்னிப்பெட் வேண்டாம் என்று சொல்ல நான் ஆளில்லை. 2014 செப்டம்பரில் ஷெல்ஷாக் வந்தது ஞாபகம் இருக்கிறதா? பேஷ் ஷெல்லில் இருந்த ஓட்டை. புதிதாக நிறுவப்படும் ஒவ்வொரு மெஷினிலும் திருத்தப்பட்ட பேஷ் இருக்க வேண்டும். எங்களிடம் நாற்பதுக்கும் மேற்பட்ட கிக்ஸ்டார்ட் கோப்புகள் இருந்தன. ஒவ்வொன்றையும் திறந்து, நிறுவலுக்குப் பின் ஓடும் பகுதியில் ஒரு வரி சேர்த்து, மூடி, அடுத்தது. இரண்டு கோப்புகளைத் தவறவிட்டோம். யார் தவறவிட்டார்கள் என்று கடைசிவரை தெரியவில்லை. நானாகவே இருக்கலாம். அந்த வாரம்தான் முடிவு செய்தேன், இதையெல்லாம் துண்டுகளாகப் பிரித்து ஒழுங்கு செய்யாமல் விடுவதில்லை என்று.

செய்தேன். நான்கு மாதம் ஆனது. நேர சர்வர் அமைப்புக்கு ஒரு துண்டு, எஸ்எஸ்எச் சாவிகளுக்கு ஒரு துண்டு, பாக்கேஜ் களஞ்சியங்களுக்கு ஒன்று, லாக் அனுப்புவதற்கு ஒன்று. நாலாயிரம் வரிகள் காணாமல் போயின. 2015இல் ஒரு மீட்டிங்கில் அதற்காக எனக்குக் கைதட்டினார்கள். நேர சர்வர் மாறியபோது ஒரே வரியைத் திருத்தினோம், எல்லாக் கோப்பும் திருந்திவிட்டது. இதுவரைக்கும் நான் செய்தது சரி. இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் செய்வேன்.

தப்பு நடந்தது டிஸ்க் விஷயத்தில். பெரும்பாலான மெஷின்களில் இரண்டு டிஸ்க். இரண்டையும் மொத்தமாக அழித்து, ஒரே வால்யூம் குரூப்பாகச் சேர்த்துவிட வேண்டும். 'கிளியர்பார்ட்' என்ற கட்டளைக்கு 'ஆல்' என்று சொன்னால் அது நடக்கும். மூன்றே மூன்று கோப்புகளில் மட்டும் கொஞ்சம் வித்தியாசம். அங்கே முதல் டிஸ்க்கின் பெயரைக் குறிப்பிட்டு அதை மட்டும் அழிக்கச் சொல்லியிருந்தது. அவை டேட்டாபேஸ் மெஷின்கள். இரண்டாவது டிஸ்க்கில் தரவு. இயங்குதளம் பழுதாகி மறுபடி நிறுவினாலும் தரவு அப்படியே இருக்க வேண்டும் என்பதற்காக, எனக்கு முன்னால் இருந்த யாரோ யோசித்து எழுதியது.

எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான்: இருபத்தைந்து வரிகளில் இருபத்துமூன்று ஒரே மாதிரி இருக்கின்றன. விடுவேனா? ஒரே ஸ்னிப்பெட்டாக ஆக்கினேன். உள்ளே ஒரு நிபந்தனை வைத்தேன். மெஷினின் பதிவில் 'தரவு டிஸ்க் உண்டு' என்று ஒரு மாறி இருந்தால் முதல் டிஸ்க்கை மட்டும் அழி, இல்லையென்றால் எல்லாவற்றையும் அழி. மூன்று மெஷின்களின் பதிவிலும் அந்த மாறியைச் சேர்த்தேன். சோதித்தேன். வேலை செய்தது. கோடு ரிவியூவில் "நைஸ்" என்று ஒரு கமெண்ட் வந்தது.

ஒரு வருடம் கழித்து அந்த மூன்றில் ஒன்றின் முதல் டிஸ்க் செத்தது. அதற்குள் எங்கள் சர்வர்களுக்குப் பெயர் வைக்கும் முறை மாறியிருந்தது. டிஸ்க்கை மாற்றி, காப்ளரில் மெஷினைப் புதுப் பெயரில் பதிவு செய்து, மறுபடி நிறுவ வேண்டும். அன்றைய நைட் ஷிஃப்டில் இருந்த தம்பி வேலையில் சேர்ந்து எட்டு மாதம். செயல்முறை ஆவணத்தில் சொன்னபடி ஒவ்வொரு படியாகச் செய்தான். புதுப் பதிவில் என் மாறி இல்லை. அதைச் சேர்க்க வேண்டும் என்று ஆவணத்தில் இல்லை, ஏனென்றால் நான் எழுதவில்லை. அவன் திறந்து பார்த்த கிக்ஸ்டார்ட் கோப்பில் டிஸ்க் பற்றி இருந்தது ஒரே ஒரு வரி, என் ஸ்னிப்பெட்டின் பெயர். ஏதோ நல்ல ஆங்கிலப் பெயர். அழிப்பதைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் கிடையாது.

விடிகாலை மூன்று மணிக்கு எனக்கு போன். "அண்ணா, இன்ஸ்டால் முடிஞ்சிருச்சு. ஆனா ரெண்டாவது டிஸ்க் மவுன்ட் ஆகல. வேற எங்கயாச்சும் இருக்குமா?"

வேறு எங்கும் இல்லை.

பேக்கப் இருந்தது, அதுவரை புண்ணியம். ஆனாலும் கடைசி பேக்கப்புக்குப் பிறகான ஒன்பது மணி நேரத் தரவு போனது போனதுதான். மறுநாள் மீட்டிங்கில் 'மூல காரணம்' என்ற கட்டத்தில் எழுதப்பட்டது: நிறுவுவதற்கு முன் ஆபரேட்டர் டிஸ்க் அமைப்பைச் சரிபார்க்கவில்லை. ஆபரேட்டர். அந்தத் தம்பிக்குப் பெயர்கூட இல்லை. நான் அந்த அறையில்தான் இருந்தேன். "ஸ்னிப்பெட்லயும் ஒரு இம்ப்ரூவ்மென்ட் பண்ணலாம்" என்று மட்டும் சொன்னேன். அதை யாரும் குறித்துக்கொள்ளவில்லை. அந்த வருட அப்ரைசலில் அவனுக்குக் கடைசி ரேட்டிங். மூன்று மாதத்தில் போய்விட்டான். எனக்கு அடுத்த வருடம் ப்ரமோஷன்.

இதைப் பாவமன்னிப்பாக எழுதவில்லை. அந்த மாதிரி மீட்டிங்குகளில் நாம் ஒப்புக்கொள்ளாத கேள்வி ஒன்று இருக்கிறது. இருபத்துமூன்று வரிகள் ஒரே மாதிரி இருந்தன, சரி. ஆனால் அவை ஒன்றா?

1999இல் ஆண்ட்ரூ ஹன்ட்டும் டேவிட் தாமஸும் எழுதிய 'தி ப்ராக்மாட்டிக் ப்ரோக்ராமர்' புத்தகத்திலிருந்துதான் 'திரும்ப எழுதாதே' என்ற மந்திரம் வந்தது. புத்தகத்தைப் படித்தவர்களைவிட மந்திரத்தைச் சொல்பவர்கள் பல மடங்கு. அவர்கள் பேசியது அறிவைப் பற்றி. ஒரு விஷயத்தைப் பற்றிய முடிவு ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் அதன் சாரம். நாம் அதை 'ஒரே மாதிரி எழுத்து ஒரே இடத்தில் இருக்க வேண்டும்' என்று சுருக்கிக்கொண்டோம். நேர சர்வரின் முகவரி எல்லா மெஷினுக்கும் ஒரே முடிவு. அது மாறினால் எல்லாருக்கும் ஒரே நாளில் மாறும். அதைப் பொதுவில் வைப்பது நியாயம். ஆப் சர்வரின் டிஸ்க்கும் டேட்டாபேஸ் சர்வரின் டிஸ்க்கும் தனித்தனியான இரண்டு முடிவுகள். எழுத்து ஒத்துப்போனது தற்செயல். முகஜாடை ஒரே மாதிரி இருக்கிறது என்பதற்காக ரெண்டு பேரை ஒரே ரேஷன் கார்டில் சேர்ப்பீர்களா?

இரண்டாவது தப்பு இன்னும் மோசம். என் ஸ்னிப்பெட்டில் மாறி இல்லையென்றால் நடப்பது என்ன? முழு அழிப்பு. அதாவது ஒருவர் எதையாவது சொல்ல மறந்தால், மறதிக்குத் தண்டனை டிஸ்க். 'கிளியர்பார்ட் ஆல்' இன்ஸ்டாலர் எட்டக்கூடிய எல்லா டிஸ்க்கையும் அழிக்கும், இணைக்கப்பட்டிருக்கும் நெட்வொர்க் ஸ்டோரேஜையும் விடாது, கவனமாகப் பயன்படுத்துங்கள் என்று ரெட் ஹாட்டின் ஆவணங்களே எச்சரிக்கின்றன. அந்த எச்சரிக்கைக்கு உரிய வரியை எடுத்து, யார் கண்ணுக்கும் படாத உள் கோப்பில், 'இல்லையென்றால்' என்ற கிளைக்குக் கீழே வைத்தவன் நான். ஒருவர் கையை எடுத்தால் ஓடும் மெஷினை எந்தத் தொழிற்சாலையிலாவது விடுவார்களா?

ஒழுங்கமைப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஆட்கள் ஒழுங்கமைப்பு என்று நினைப்பது ஃபோல்டர் போடுவதை. காப்ளர் ஒரு ஸ்னிப்பெட்டைத் தேடும் வரிசை இப்படி: இந்த மெஷினுக்கென்று தனித் துண்டு இருக்கிறதா, இல்லையென்றால் இந்த ப்ரொஃபைலுக்கு, இல்லையென்றால் இந்த டிஸ்ட்ரோவுக்கு, அதுவும் இல்லையென்றால் பொதுத் துண்டு. கேட்க அழகாக இருக்கிறது. நடைமுறையில் என்ன ஆகும்? ஒரு அவசரத்துக்கு ஒரு மெஷினுக்காக ஒரு கோப்பை அந்த ஃபோல்டரில் போடுவோம். ஆறு மாதம் கழித்துப் பொதுத் துண்டைத் திருத்துவோம். அந்த ஒரு மெஷின் மட்டும் பழசையே பிடித்துக்கொண்டிருக்கும். டெம்ப்ளேட்டில் எந்த அடையாளமும் இருக்காது. ஒரு கோப்பு ஒரு ஃபோல்டரில் இருக்கிறது என்பதே சட்டம். விதிவிலக்கு தப்பில்லை. எதற்காக, எந்தத் தேதி வரை என்று எழுதப்படாத விதிவிலக்கு ஆக்கிரமிப்பு. புறம்போக்கில் குடிசை போட்ட மாதிரி. பத்து வருடம் ஆனால் பட்டா கேட்கும்.

இதோடு இன்னொன்று. காப்ளர் நெடுங்காலமாகப் பயன்படுத்திய டெம்ப்ளேட் மொழி சீட்டா. அதில் டாலர் குறி போட்டால் மாறி என்று பொருள். ஷெல் ஸ்கிரிப்டிலும் டாலர் குறிதான் மாறி. இரண்டும் ஒரே கோப்பில் குடித்தனம் நடத்த வேண்டியிருந்ததால், தெரியாத மாறியைப் பார்த்தால் சத்தம் போடாமல் அப்படியே எழுத்தாக விட்டுவிடும்படி காப்ளர் சீட்டாவுக்குச் சொல்லி வைத்தது. ஷெல்லுக்கு அது வசதி. ஆனால் நீங்கள் மாறியின் பெயரில் ஒரு எழுத்தைத் தப்பாக அடித்தாலும் அதே மௌனம்தான். கிக்ஸ்டார்ட் கோப்பைச் சரிபார்க்கும் கேஎஸ்வேலிடேட்டர் என்ற கருவி இருக்கிறது. அது இலக்கணம் பார்க்கும். அழிக்கப்போவது உங்கள் டிஸ்க்கா பக்கத்து வீட்டு டிஸ்க்கா என்று அதற்கு எப்படித் தெரியும்?

"ரிவியூ சரியா நடந்திருந்தா மாட்டியிருக்கும் ப்ரோ" என்பார்கள். மாட்டியிருக்காது. ரிவியூவில் நாம் பார்ப்பது டெம்ப்ளேட்டில் மாறிய நான்கு வரிகளை. மெஷினுக்குப் போவது டெம்ப்ளேட் அல்ல, துண்டுகளெல்லாம் ஒட்டி முடிந்த கோப்பு. இந்த நான்கு வரி மாற்றத்தால் நாற்பது மெஷின்களின் இறுதிக் கோப்பில் என்ன மாறியது என்பதைக் காட்டாத ரிவியூ, பத்திரத்தைப் படிக்காமல் போடும் சாட்சிக் கையெழுத்து. ஒட்டிய கோப்பை முழுதாகக் காட்டு என்றால் காப்ளர் ஒரே கட்டளையில் காட்டும். அதைச் செய்ய எங்களுக்கு வேண்டியிருந்தது ஒரு சின்ன ஸ்கிரிப்ட். நாலாயிரம் வரி அழித்த எனக்கு இருபது வரி எழுதத் தோன்றவில்லை.

இன்னொரு ரகம் இருக்கிறார்கள். "இப்ப எல்லாம் கிளவுட், யார் கிக்ஸ்டார்ட் எழுதுறா?" முதலில், கிளவுட் என்பது வேறு யாரோ ஒருவரின் ரேக்கில் இருக்கும் மெஷின்தான். அதிலும் யாரோ எதையோ நிறுவியாக வேண்டும். இரண்டாவது, கருவி மாறினால் வியாதி மாறிவிடுமா? காப்ளரைத் தொடங்கிய அதே டிஹான்தான் 2012இல் ஆன்சிபிளைக் கொண்டுவந்தார். ஆன்சிபிளில் ஒரு மாறியின் மதிப்பு எங்கிருந்து வருகிறது என்பதற்கு அதன் ஆவணத்தில் 22 படிகள் கொண்ட முன்னுரிமைப் பட்டியல் இருக்கிறது. இருபத்திரண்டு! கூபர்னெட்டிஸ் பக்கம் போனால் ஹெல்ம் டெம்ப்ளேட்டுகள். உபுன்டு சர்வர் 20.04இல் ப்ரீசீட்டை விட்டு யாமலில் எழுதும் புது ஆட்டோஇன்ஸ்டாலுக்கு மாறியது. கோப்பின் வடிவம் மாறும். ஒரே மாதிரி இருக்கிறதே என்று அரிக்கும் கை மாறாது.

வேறு மாதிரி யோசித்தவர்களும் இருக்கிறார்கள். ஃபோர்மன் என்ற நிறுவல் மென்பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலும் ஸ்னிப்பெட் உண்டு. ஆனால் டிஸ்க் பிரிப்பதை மட்டும் 'பார்ட்டிஷன் டேபிள்' என்று தனி வகையாகவே வைத்திருக்கிறார்கள். எந்த மெஷினுக்கு எந்த டேபிள் என்பது மெஷினின் பதிவில் கண்ணுக்குத் தெரியும்படி நிற்கும். இதனால் விபத்தே நடக்காது என்று சொல்லவில்லை. ஆனால் நான்கெல்லைக்கு என்று தனிக் கட்டம் வேண்டும் என்று அங்கே யாருக்கோ தோன்றியிருக்கிறது. எனக்குத் தோன்றவில்லை.

எல்லாவற்றுக்கும் மேல், பராமரிப்பு. ஒரு ஸ்னிப்பெட்டை உருவாக்குபவனுக்குக் கைதட்டல் உண்டு. அதைப் பயன்படுத்தும் நாற்பது பேருக்குப் பதில் சொல்பவனுக்கு எதுவும் கிடையாது. பொதுத் துண்டு எழுதுவது என்றால் நாற்பது பேரிடம் கடன் வாங்குவது. நாளைக்கு அவர்களில் ஒருவரின் தேவை மாறினால் வந்து நிற்பேன் என்று கையெழுத்துப் போடுவது. நாம் கடனை வாங்கி, பட்டனைத் தட்டி மெர்ஜ் செய்துவிட்டு, அடுத்த ப்ராஜெக்டுக்குப் போய்விடுகிறோம். வட்டி கட்டுபவன் நைட் ஷிஃப்ட்காரன். அவனுக்கு ஸ்னிப்பெட்டைத் திருத்த அனுமதிகூட இருக்காது. ஓட்டும் பொறுப்பு மட்டும் அவனுடையது.

ஆகவே என் கட்சி இது. அழிக்கும் வரி பொதுத் துண்டுக்குள் போகக்கூடாது. எந்த டிஸ்க்கை அழிக்கிறோம் என்பது அந்தந்த மெஷின் வகையின் மூலக் கோப்பில், முழுதாக, டிஸ்க்கின் பெயரோடு இருக்க வேண்டும். பூட்டுக்குப் பூட்டு மாறக்கூடிய எஸ்டிஏ, எஸ்டிபி பெயர்கள் போதாது. டிஸ்க்கின் மாறாத அடையாளத்தைச் சொல்லி எழுதுங்கள். நாற்பது கோப்பில் நாற்பது முறை எழுத வேண்டி வந்தால் எழுதுங்கள். கை வலிக்காது. மாறி சொல்லப்படவில்லை என்றால் நிறுவல் நிற்க வேண்டும், ஊகித்துக்கொண்டு ஓடக்கூடாது. ஒவ்வொரு துண்டின் தலையிலும் நான்கு விஷயம் இருக்க வேண்டும்: எதற்காக வந்தது, யாரெல்லாம் நம்பியிருக்கிறார்கள், யாரைக் கேட்க வேண்டும், எப்போது தேவையில்லாமல் போகும். மாற்றம் வந்தால் ஒட்டிய கோப்புகளின் வித்தியாசத்தைப் பாருங்கள். இரண்டு இடத்தில் ஒரே மாதிரி இருந்தால் சும்மா விடுங்கள். மூன்றாவது இடத்தில் வரும்போது, மூன்றும் ஒரே காரணத்துக்காகவா என்று எழுதியவர்களைக் கேளுங்கள். கேட்க ஆள் இல்லை என்றால் தொடாதீர்கள்.

இதில் எதுவும் புத்திசாலித்தனமான யோசனை கிடையாது. பத்திர எழுத்தருக்கெல்லாம் தெரிந்ததுதான்.

இரண்டு வருடம் முன்பு அந்தத் தம்பிக்கு போன் போட்டேன். இப்போது வேறு ஊரில், வேறு கம்பெனியில் நல்ல வேலையில் இருக்கிறான். அந்த மாறியைப் பற்றி, அந்த 'இல்லையென்றால்' கிளையைப் பற்றி, மீட்டிங்கில் நான் வாயை மூடிக்கொண்டிருந்ததைப் பற்றிச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "அண்ணா, நான் இத்தன வருஷமா அந்த டாக்குமென்ட்ல ஒரு லைன மிஸ் பண்ணிட்டேன்னுதான் நெனச்சிட்டிருந்தேன்" என்றான்.

அவன் எந்த வரியையும் தவறவிடவில்லை. அவன் படித்திருக்க வேண்டிய வரியை, திரும்ப எழுதக்கூடாது என்று நான்தான் எடுத்து ஒளித்து வைத்திருந்தேன்.